உழவாரமும் உருளைப் பொறியும்

தமிழில் 'புல்' என்னும் சொல்லுக்கு வாய்த்த மதிப்பு மிகக் குறைவு. புன்மை, புல்லன், புல்லறிவு எனச் சிறுமை குறிக்கும் சொற்கள் பலவும் அதன் உறவாகவே கருதப்பட்டு வருகின்றன. திருக்குறளின் 85-ஆம் அதிகாரத்திற்குப் புல்லறிவாண்மை என்பதே தலைப்பு. 'புல் பிடுங்கத்தான் இலாயக்கு' என்பது இன்றும் நம் தெருக்களில் வழங்கும் வசை. ஆனால் நமக்குக் கிடைத்துள்ள முதல் இலக்கண நூல் புல்லை இவ்வாறு தாழ்த்தவில்லை. தொல்காப்பியர் மரபியலில் புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிராக ஒருசேர வைத்து எண்ணுகிறார். வயிரம் வெளிப்புறத்தே அமைந்தது புல், உட்புறத்தே அமைந்தது மரம் என்பது அவர் வகுத்த எல்லை. அவ்வெல்லைப்படி பனையும் தெங்கும் கமுகும் மூங்கிலும் புல்லினமே. மேற்கு மாம்பலத்தின் பழைய வீடுகளில் புழக்கடைத் தென்னையை 'மரம்' என்றே சொல்லி வளர்ந்தவர்கள் நாம். தொல்காப்பியர் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார்.

பத்தாம் ஆண்டு மலரில் புல்தரையையும் அதனை வெட்டும் பொறியையும் பற்றி ஒரு கட்டுரையா எனப் பாவலர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். புல்லை என்ன செய்கிறோம் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் மொழியின் பெருங்கவிஞர் ஒருவர் கருவியும் கையுமாக நிற்கிறார். அவரை நோக்கியே இக்கட்டுரை செல்கிறது.

வீட்டின் முன்னே புல் வளர்ந்திருப்பதைத் தமிழ் மரபு அழகாகக் கொண்டதில்லை. மணல் பரப்பிய முற்றம், சாணம் தெளித்து மெழுகிய வாசல், அதன்மேல் கோலம் என இவையே நம் முன்னோர் கண்ட வீட்டெழில். புறத்திணைப் பாடல்களில் பகைவர் நாடு பாழ்பட்டதைக் கூறவந்த புலவர்கள், மக்கள் நடமாடிய மன்றங்களில் களையும் முள்ளும் படர்ந்ததையே சான்றாக வைத்தனர். வாசலில் புல் முளைப்பது வீடு ஆளற்றுப் போனதன் அடையாளம். ஆதலின் நாள்தோறும் பெருக்கித் துப்புரவு செய்த வெறுந்தரையே வாழும் வீட்டின் முகம். 'லான்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு ஈடான பழந்தமிழ்ச் சொல் இல்லாமற் போனதில் வியப்பில்லை. 'புல்தரை' என்று நாம் இன்று எழுதுவது அண்மைக்கால ஆக்கம்.

அதற்காகப் புல்லை நம்மவர் வெறுத்தனர் என்பதும் பொருந்தாது. மழைத்துளி வீழாவிடின் புல்லின் தலையையும் காண்பதரிது என்று வான்சிறப்பில் வள்ளுவர் புல்லையே அளவுகோலாக வைக்கிறார். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோட வேண்டும் என்று முதியோர் மணமக்களை வாழ்த்துகின்றனர். பிள்ளையார் வழிபாட்டிற்கு அருகு இன்றியமையாதது. புல்லுக்குரிய இடம் வயல் வரப்பு, ஏரிக்கரை, மேய்ச்சல் தரை, வாசலன்று. இட வேறுபாடே இங்குச் செய்தி.

கோயில் முற்றத்திற்கும் இவ்விதி பொருந்தும். ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் கையில் ஏந்தியது உழவாரப்படை. நீண்ட காம்பின் நுனியில் தட்டையான இரும்பு அலகு பொருத்திய, புல்லை வேரோடு செதுக்கும் கருவி அது. கோயில் கோயிலாகச் சென்று திருமுற்றத்துப் புல்லைச் செதுக்குவதைத் தம் தொண்டாக அவர் கொண்டார். சிற்பங்களிலும் செப்புத் திருமேனிகளிலும் அவரை நாம் அடையாளம் காண்பது தோளில் சார்த்திய அந்தக் கருவியால்தான். எழுத்தாணியைத் தந்து அவரை வடித்த சிற்பி எவரையும் நான் அறியேன். திருப்புகலூரில் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் பொன்னும் மணியும் தோன்றியதாகவும், அவற்றைப் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணி வாரிக் குளத்தில் எறிந்ததாகவும் பெரியபுராணம் கூறும். சேக்கிழார் இதனைப் பற்றற்ற உள்ளத்திற்குச் சான்றாக வைத்தார். வேறொன்றையும் இங்கு நோக்க வேண்டும். மன்னன் அஞ்சிய புலவர் ஒருவர், ஊரார் கண்முன் குனிந்து புல் செதுக்கினார். அக்காலத்தில் அவ்வேலையை வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களின் கருவியைத்தான் அவர் தம் தோளில் சார்த்திக்கொண்டார்.

இனிச் சென்னைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோட்டைக்குள் நெருக்கமாக வாழ்ந்த ஆங்கிலேயர் நுங்கம்பாக்கம், எழும்பூர், தேனாம்பேட்டை, அடையாற்றங்கரை எனப் பரவித் தோட்டவீடுகள் அமைத்துக்கொண்டனர். 1771-இல் சென்னைக்கு வந்த ஜார்ஜ் மௌப்ரே அடையாற்றின் கரையில் அமைத்த மாளிகை பின்னர் அடையாறு கிளப்பாகி, 1963-இல் அக்கிளப் மெட்ராஸ் கிளப்புடன் இணைந்தது. அம்மாளிகைக்குச் சென்ற சாலையே நெடுங்காலம் மௌப்ரேஸ் ரோடு என வழங்கி, இப்போது டி.டி.கே. சாலை ஆயிற்று. மாளிகையின் முன்னே பரந்த பசும்புல், அதன் நடுவே வண்டி வந்து நிற்கும் வளைபாதை, ஓரத்தில் நிழல் மரங்கள். தம் நாட்டு மழை தானே வளர்த்துத் தந்த பசுமையை இங்கே கிணற்று நீரால் வளர்க்க முனைந்தனர். ஏற்றம் இறைப்போரும் தோட்டக்காரரும் இன்றி அது ஒருநாளும் நிலைத்திராது. சுருங்கச் சொன்னால், பயிராகாத நிலத்திற்குப் பயிருக்கு நிகரான நீரையும் உழைப்பையும் செலவிட வல்லவன் தான் என்று உரிமையாளன் ஊருக்குக் காட்டும் அடையாளமே புல்தரை. (வைசிராய் கர்சன் பிரபு தாஜ்மகாலின் அடர்ந்த பழத்தோட்டப் போக்கை மாற்றி ஆங்கிலேயப் புல்தரையாகத் திருத்தியதும் இம்மனப்பாங்கின் நீட்சியே.)

அக்காலத்துத் தோட்டவீடுகளில் குதிரைகளும் உண்டு. குதிரை ஒவ்வொன்றுக்கும் புல் கொண்டுவர ஓர் ஆளும் உண்டு. ஆங்கிலேயர் அவ்வாளை 'கிராஸ்-கட்டர்' என்றனர். யூல் என்பாரும், தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்பாரும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி இச்சொல்லுக்கு ஒரு சிறு பதிவு தருகிறது. இது இந்திச் சொல் ஒன்று ஆங்கில உருவில் திரிந்ததாகலாம் என்று கூறிவிட்டு, வடக்கே இவ்வேலையைச் செய்பவன் ஆண், தெற்கே குதிரைக்காரனின் மனைவியே இதனைச் செய்கிறாள் என்று குறிப்பிடுகிறது. அவ்வளவே, ஒரே வாக்கியம்.

அவ்வாக்கியத்தை எளிதில் கடந்துசெல்ல என்னால் இயலவில்லை. சென்னையின் வரலாறு எழுதியோர் தோட்டவீடுகளின் சொந்தக்காரர்களை வரிசைப்படுத்தினர். அவர்கள் பெயரால் அமைந்த சாலைகளைக் குறித்தனர். பந்தயக் குதிரைகளுக்கும்கூடப் பெயர் எழுதி வைக்கப்பட்டது. நாள்தோறும் வெயிலேறு முன் கூடையும் சிறு கொத்தும் எடுத்துக்கொண்டு கரைகளிலும் வரப்புகளிலும் அருகை வேரோடு செதுக்கி, மண் போக அலசி, தலைச்சுமையாகக் கொண்டுவந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருத்தியின் பெயரும் நம் கையில் இல்லை. கணவனின் வேலையோடு ஒட்டிக்கொண்டதாகவே அவள் வேலை அகராதியிலும் பதிவாகியிருக்கிறது. நாவுக்கரசர் கையில் தொண்டாக இருந்த தொழில் இவள் கையில் கூலியாயிற்று. அதிலும் கணவன் கூலியின் ஒட்டாயிற்று என்று கொள்வதற்கே இடமிருக்கிறது.

புல் வெட்டும் பொறி பிறந்தது துணி ஆலையில். இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் என்னும் ஊர் படைவீரர் சீருடைக்கான செங்கம்பளித் துணிக்குப் பெயர்பெற்றது. நெய்த துணியின் மேல் எழும்பி நிற்கும் மயிரை ஒரே மட்டமாகச் சீவுவதற்குச் சுழல் அலகுகள் கொண்ட உருளைப் பொறி அங்கு வழக்கிலிருந்தது. அதனைக் கண்ட எட்வின் பட்டிங் என்னும் பொறிவினைஞர், துணிக்குப் பதில் தரையில் உருட்டினால் என்ன என்று எண்ணினார். 1830-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அதுவரை நீண்ட பிடியுள்ள வீச்சரிவாளே அந்நாட்டின் புல்வெட்டும் கருவி. பனி ஈரம் உலருமுன் பலர் வரிசையாக நின்று வீச வேண்டும். நாட்டுப்புறத்துக் கனவான்கள் இப்பொறியைத் தாமே தள்ளினால் அது பொழுதுபோக்காகவும் பயனுள்ள உடற்பயிற்சியாகவும் அமையும் என்று தம் விண்ணப்பத்தில் பட்டிங் எழுதினார். கூலிக்குச் செய்தால் வேலை, உரிமையாளர் செய்தால் உடற்பயிற்சி என்னும் இந்நுட்பம் எந்த நாட்டுக்கும் பொதுவானது போலும். 1832-இல் இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று இதனைச் செய்யத் தொடங்கிற்று. பின்னர்க் குதிரையும் மட்டக்குதிரையும் இழுக்கும் பெரிய பொறிகள் வந்தன. குளம்பு பதிந்து தரை கெடாதிருக்க அவ்விலங்குகளுக்குத் தோற்காலணி மாட்டினர். 1902-இல் அந்நிறுவனமே பெட்ரோலில் ஓடும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உழவாரத்திற்கும் இவ்வுருளைக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. உழவாரம் புல் இருக்கலாகாது என்கிறது, வேரோடு எடுக்கிறது. உருளையோ புல் இருக்கத்தான் வேண்டும், ஆனால் நான் சொல்லும் உயரத்திற்கு மேல் எழலாகாது என்கிறது. வெட்ட வெட்டப் புல் சாகாமலிருப்பதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. செடிகள் பலவற்றின் வளர்முனை உச்சியில் இருக்க, புல்லின் வளர்முனை தரையை ஒட்டி அடியில் இருக்கிறது. இலையும் அடியிலிருந்தே நீள்கிறது. நுனியைக் கொய்தால் அடி மீண்டும் தள்ளும். ஆடு மாடு மேய்ந்து மேய்ந்து இயற்கை கற்றுக்கொண்ட தற்காப்பு இது. பொறி அதனைப் பயன்படுத்திக்கொண்டது.

மட்டமான புல்தரை வந்ததும் மட்டமான தரை தேவைப்படும் ஆட்டங்களும் பெருகின. 1874-இல் மேஜர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிசுக்குக் காப்புரிமை பெற்றார். 1877-இல் விம்பிள்டனில் முதற் போட்டி நடத்தப்பட்டதன் நோக்கங்களுள் ஒன்று, மட்டக்குதிரை இழுக்கும் தரையுருளை ஒன்றைப் பழுதுபார்க்கப் பணம் திரட்டுவது. நம் ஊரிலும் 1846-இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் பின்னர்ச் சேப்பாக்கத்தில் தளம் அமைத்தது. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் 1934-இல் அங்கேதான் நிகழ்ந்தது. சென்னையின் ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றதும், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அரையிறுதிவரை சென்றதும் நாம் அறிந்தவை. புல்லில் பந்து தாழ்ந்து விரைவாக வரும். அதற்கேற்ற கைந்நுட்பம் வேண்டும் என்பர் ஆட்டம் தெரிந்தவர்கள். அதற்கு மேல் அத்துறையில் நான் பேசத் தகுதியற்றவள்.

1855-இல் வால்ட் விட்மன் தம் கவிதைத் தொகுதிக்குப் 'புல்லின் இதழ்கள்' எனப் பொருள்படும் பெயரை வைத்தார். அந்நூலைப் பயின்றதே தம்மைப் புதிய கவிதை வடிவத்திற்குத் தூண்டிற்று என்று ந. பிச்சமூர்த்தி கூறியிருக்கிறார். பட்டிங்கின் பொறி கால்நூற்றாண்டு ஓடிய பிறகு, எந்த உயரத்திற்கும் கட்டுப்படாத நெடிய அடிகளுக்கு ஒருவர் புல்லின் பெயரைச் சூட்டினார். யாப்பு உருளையை எத்தனை உயரத்தில் பூட்டுவது என்று நம் மாதக் கூட்டங்களில் பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கை நான் இங்கு எழுப்பப் போவதில்லை.

1835-இல் மருத்துவரும் தாவரவியலாளருமான ராபர்ட் வைட்டின் முயற்சியால் சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் தோன்றியது. கதீட்ரல் சாலையில் அதன் தோட்டம் அமைந்தது. அந்நிலத்தின் ஒரு பகுதியில்தான் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் நடைபெற்றது. காப்பிக் கோப்பைகளுக்கு நடுவே அங்கே எழுதப்பட்ட கவிதைகளை எண்ணினால் ஒரு தொகுதியே தேறும். 2010-இல் அவ்விடம் செம்மொழிப் பூங்கா ஆயிற்று. நம் பகுதிக்கு இன்னும் அணித்தாக, 1860-களில் சைதாப்பேட்டையில் அரசின் மாதிரிப் பண்ணை நிறுவப்பட்டது. நீராவிக் கலப்பை உள்ளிட்ட ஆங்கிலக் கருவிகள் வரவழைக்கப்பட்டு அங்கே சோதிக்கப்பட்டன. அங்குத் தோன்றிய வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் வேர் அதுவே.

மாம்பலத்தின் கதை நீரில் தொடங்குகிறது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920-களில் வடிக்கப்பட்டு, 1923 முதல் தியாகராய நகர் திட்டமிடப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயர் நகருக்கும், பனகல் அரசர், நடேச முதலியார் ஆகியோரின் பெயர்கள் பூங்காக்களுக்கும் சூட்டப்பட்டன. ஏரி போயிற்று, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு மட்டும் எதிரே இல்லாத ஏரியை நோக்கியபடி இருக்கிறது. கிழக்கே மனைகள் அகலமானவை. பங்களாக்களின் முன்னே புல்தரையும் குரோட்டன்சும் வந்தன. இரயில் பாதைக்கு மேற்கே, 1931-இல் மின்சார இரயில் ஓடத் தொடங்கிய பின் அலுவலகக் குடும்பங்கள் நெருங்கிக் குடியேறிய நம் தெருக்களில் திண்ணையும் கிணறும் இரண்டு தென்னையும் இருந்தன. புல்தரைக்கு இடமும் இல்லை, நினைப்பும் இல்லை. ஏரிப்படுகையின் ஈரமும் கொசுவும் இருந்தன; அவற்றை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. இன்று இருபுறமும் அடுக்கு வீடுகள். பங்களாப் புல்தரை கார் நிறுத்துமிடமாயிற்று. நம் மண்வாசலும் சிமெண்டுத் தளமாயிற்று. இருவேறு அழகுகளும் ஒரே கல்லில் முடிந்தன.

பொறி வேண்டாத புல்தரை ஒன்று நகருக்குள்ளேயே உண்டு. கிண்டியில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய போலோ மைதானத்தில் மேயும் வெளிமான்கள் ஆளுநர் விலிங்டன் காலத்தில் (1919–1924) கொண்டுவந்து விடப்பட்டவை என்பர். 1978-இல் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. புள்ளிமான் புதர்க்காட்டிலும் வாழும்; வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். முட்செடி படர்ந்து வெளி சுருங்கினால் அது குன்றிவிடும். ஆகவே அங்கே புல்லைக் காப்பது அலங்காரத்திற்காக அன்று.

தாம்பரத்திற்கு அப்பால் தனிவீடு கட்டியுள்ள அன்பர் ஒருவர், "அம்மா, புல்தரை போடலாமா? எந்த மெஷின் வாங்கலாம்? நீங்கள்தான் இதையெல்லாம் படிக்கிறீர்களே" என்று கேட்டார். படித்ததையும் தோட்டக்காரர்களிடம் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். நம் வெயிலுக்கும் ஓரளவு உப்பு நீருக்கும் தாங்குவது அருகு. நிழலில் அது சோரும். மரநிழல் இருந்தால் அகன்ற இலையுடைய எருமைப்புல் ஏற்றது. நர்சரிகளில் கொரியன் புல் என விற்பது மெத்தை போன்றது. மெல்ல வளர்வதால் வெட்டும் வேலை குறைவு, ஆனால் கவனியாது விட்டால் மேடு மேடாகத் திரளும். களிமண் நிலமாயின் மணலும் மக்கிய எருவும் கலந்து, நீர் தேங்காத சரிவு கொடுத்த பின்னரே ஊன்ற வேண்டும். கோரைக் கிழங்கைத் தொடக்கத்திலேயே தோண்டி எடுக்காதவர் பின்னர் ஆண்டு முழுதும் எடுப்பார். அதற்கு எந்தப் பொறியும் உதவாது, உழவாரம்தான் கதி.

இரண்டு மூன்று செண்டுக்குள் அடங்கும் சமமான அருகந்தரைக்குக் கையால் தள்ளும் உருளைப் பொறியே போதும். அது கத்தரிபோல் நறுக்கும். ஓசையும் இல்லை, எண்ணெயும் வேண்டா. அலகுகளுக்கிடையே ஒரு தாளைக் கொடுத்துச் சுழற்றினால் தாள் சீராக நறுங்க வேண்டும். வாங்கும்போதே இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். மேடு பள்ளமான இடத்திற்கும், பத்து நாள் ஊருக்குப் போய் வந்து உயர்ந்து நிற்கும் புல்லுக்கும் உருளை ஈடுகொடாது. அங்கே தட்டையான அலகு சுழலும் மின்பொறியோ பாட்டரிப் பொறியோ வேண்டும். அலகு மழுங்கினால் அது புல்லைக் கிழிக்கும்; மறுநாள் நுனிகள் வெளுத்துக் காட்டிக் கொடுக்கும். எந்தப் பொறியாயினும் ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொய்யலாகாது. அருகை இரண்டு மூன்று செண்டிமீட்டர் வைக்கலாம். எருமைப்புல்லுக்கு ஐந்தாவது வேண்டும். ஈரத்தில் வெட்டக் கூடாது. வெட்டிய துணுக்கைத் தரையிலேயே விட்டால் அதுவே உரம். வடகிழக்குப் பருவமழை நாட்களில் வாரந்தோறும் வெட்ட நேரும். கோடையில் உயரமாக விட்டு வேருக்கு நிழல் தர வேண்டும். 1995-இலேயே சூரிய ஒளியில் தானே உலவி வெட்டும் பொறியை ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் கொண்டுவந்தது. நம் தெரு நாய்கள் அதனை எப்படி வரவேற்கும் என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

நீரைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வறண்டபோது குடத்தோடு லாரியின் பின் நின்றவர்கள் நாம். லாரி நீரைப் புல்லுக்கு விடுவது அறமன்று. துணி அலசிய நீரும், வடிகட்டும் பொறி கழிக்கும் நீரும் போதுமான அளவு தரை இருந்தால் சரி. மிகுந்தால் தரையைக் குறைப்பதே முறை. அருகு கோடையில் காய்ந்து மஞ்சளானாலும் வேர் சாகாது. முதல் மழைக்குத் தானே வரும். அவ்விரண்டு மாத மஞ்சளைப் பொறுக்கும் மனம் இல்லாதவர் புல்தரை வைக்க வேண்டாம்.

நடேசன் பூங்காவிலும் பனகல் பூங்காவிலும் காலை நடைப்பயிற்சிக்குச் செல்வோர் வாயிலில் அருகம்புல் சாறு வாங்கிக் குடிக்கின்றனர். உள்ளே பெண்கள் வரிசையாகக் குந்தியிருந்து, பொறியின் அலகுக்கு எட்டாத ஓரங்களில் கையால் களை பறிக்கின்றனர். விநாயகர் சதுர்த்திக்கு முதல் நாள் அயோத்தியா மண்டபத்தைச் சுற்றிய தெருக்களில் எருக்க மாலையோடு அருகுக் கட்டுகளும் குவியும். சென்ற சதுர்த்தியின்போது, கூடை நிறைய அருகு வைத்திருந்த அம்மையார் ஒருவரிடம் கட்டுகளை வாங்கிக்கொண்டே, இது எங்கே செதுக்கியது என்று கேட்டேன். "ஏரிக்கரைதான் அம்மா. போன வருசம் வரைக்கும் பக்கத்திலேயே கிடைச்சுது. இப்ப அங்க எல்லாம் வீடு. விடியக்காலை முதல் வண்டியில ரெண்டு ஸ்டேஷன் தள்ளிப் போய்த்தான் செதுக்கிட்டு வரேன்" என்றார். அவர் பெயரைக் கேட்டேன்; சொன்னார். இத்தகைய மலரில் அச்சிடலாமா என்று கேட்டதற்குச் சிரித்து, "எதுக்கும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்தவருக்குக் கட்டு எடுத்துக் கொடுக்கத் திரும்பினார்.